காற்று போட்ட வழி: குரோஷியத் தீவுகளில் ஒரு வாரப் படகுப் பயணம்

அட்ரியாட்டிக் கடலில் பாய்மரப் படகில் ஒரு வாரம் சுற்ற வேண்டும் என்று தேடினால் முதலில் கையில் கிடைப்பது அழகான ஒரு வரைபடம். ஞாயிறு பிராச் தீவு, திங்கள் ஹ்வார், செவ்வாய் விஸ், புதன் அதன் அருகிலுள்ள நீலக்குகை என்ற கடற்குகை என்று வண்ணக் கோடு ஓடும். நாங்களும் அப்படி ஒன்றை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருந்தோம். செவ்வாய்க்கிழமையே அது செல்லாக்காசு. எந்த ஊரைப் பார்ப்பது என்பதெல்லாம் இந்தப் பயணத்தில் பிற்பாடு வரும் கேள்வி. இன்று இரவு எங்கே படகைக் கட்டுவது, அந்தத் துறைக்கு எந்தத் திசைக் காற்று ஆகாது? தினமும் காலையில் இதற்கு விடை தெரிந்தால் போதும்.

நாங்கள் இருப்பது ம்யூனிக்கில். நானும் மனைவியும், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், நண்பன் குடும்பம், அவர்களுடைய ஒன்பது வயது மகள். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கனுக்குள் வந்துவிட்டது, யூரோவுக்கும் மாறிவிட்டது. அதனால் மாமியாரின் ஷெங்கன் விசாவே போதுமாக இருந்தது. நேராக இந்தியாவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கும் தனி விசா என்ற தலைவலி இப்போது இல்லை. விமானத்தில் குரோஷியக் கடற்கரை நகரமான ஸ்ப்ளிட் போய் இறங்கினோம்.

படகு வாடகை அங்கே சனி முதல் சனி வரை. சனிக்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில் படகைக் கையில் கொடுப்பார்கள். அடுத்த வெள்ளி மாலைக்குள் துறைக்குத் திரும்பிவிட வேண்டும், அன்றிரவு அதிலேயே தூங்கிவிட்டுச் சனி காலை ஒன்பதுக்குக் காலி செய்ய வேண்டும். ஏழு இரவு என்று விற்பதில் உண்மையாகக் கடலில் ஓடக் கிடைப்பது ஞாயிறு முதல் வெள்ளி வரைதான். திட்டம் போடும்போதே இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

படகை நீங்களே ஓட்ட, அங்கே செல்லுபடியாகும் உரிமமும், படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவுக்கான சான்றிதழும் வேண்டும். எங்களில் யாரிடமும் இல்லை. அதனால் படகை ஓட்ட ஸ்கிப்பர் ஒருவரை அமர்த்தினோம். நாளுக்கு 200 யூரோ வாக்கில் ஆகும். அவருக்குத் தனிப் படுக்கையறையும் சாப்பாடும் நம் பொறுப்பு. நான்கு அறைப் படகு என்றால் மூன்றுதான் உங்களுக்கு. பலர் இதைக் கடைசி நிமிடத்தில்தான் உணர்கிறார்கள், பாவம் ஸ்கிப்பர் ஹாலில் சோபாவில் படுக்கிறார். நாள் முழுக்க ஏழு உயிருக்குப் பொறுப்பான ஆள் சரியாகத் தூங்க வேண்டாமா? எங்கள் ஸ்கிப்பர் ஸ்ப்ளிட்காரர், ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். எல்லோரும் ‘கேப்டன்’ என்றே கூப்பிட்டோம். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் நண்பன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். ஏன் என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரட்டை உடல் கொண்ட கேட்டமரனா, ஒற்றை உடல் கொண்ட மோனோஹல்லா என்று ரொம்ப நாள் விவாதம் நடந்தது. கேட்டமரன் ஆடாது, இடம் தாராளம். வாடகை கூடுதல், மரீனா என்ற படகுத் துறைகளிலும் கூடுதலாகத் தீட்டுவார்கள். மோனோஹல் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். அந்தச் சாய்வில்தான் பாய்மரப் படகின் ருசியே இருக்கிறது என்பது என் கட்சி. மாமியாருக்கு அறுபத்தாறு வயது, முழங்கால் வலி வேறு. ஆனாலும் அவர்தான் “சாஞ்சா புடிச்சுக்கிறேன் மாப்ளே, பணத்தை ஏன் கரைக்கிறீங்க” என்று முடித்துவைத்தார். செப்டம்பர் மூன்றாம் வாரம் என்பதால் 45 அடி மோனோஹல் 3,000 யூரோவுக்குச் சற்று மேலே கிடைத்தது. ஜூலை, ஆகஸ்டில் இந்த விலையை மறந்துவிடலாம். இதோடு கடைசிச் சுத்தம், படுக்கை விரிப்பு, சுற்றுலா வரி, கரைக்குப் போய்வரும் சின்ன டிங்கிப் படகுக்கு மோட்டார் என்று தனித்தனியாகச் சேரும். ஆயிரக்கணக்கில் முன்பணமும் கார்டில் முடக்கிவைப்பார்கள்.

அந்த முன்பணத்துக்காகவே சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவையுங்கள். படகை ஒப்படைக்கிற பையன் அவசரத்தில் இருப்பான். அன்று அவனுக்குப் பத்துப் படகு. நீங்கள் அவசரப்படாதீர்கள். இருபுறமும், பின்பக்கமும் உள்ள ஒவ்வொரு கீறலையும் போனில் படம் எடுத்து, அவன் காகிதத்தில் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். நங்கூரம் இறக்கும் மோட்டாரை ஓடவிட்டுப் பாருங்கள். டிங்கி மோட்டாரை அங்கேயே கிளப்பிப் பாருங்கள். கழிவறைப் பம்பை அடித்துப் பாருங்கள். எங்கள் படகின் வலப்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு யாரோ தேய்த்த தழும்பு இருந்தது, ஒப்படைப்புத் தாளில் அது இல்லை. கேப்டன் ஒன்றும் பேசாமல் பேனாவை நீட்டினார், பையன் எழுதிக்கொண்டான்.

மளிகையைச் சனிக்கிழமையே முடித்துவிடுவது நல்லது. குரோஷியாவில் 2023 ஜூலையிலிருந்து கடைகள் வருடத்துக்கு 16 ஞாயிற்றுக்கிழமைகள்தான் திறக்கலாம் என்று சட்டம். சீசனில் சுற்றுலா ஊர்களில் திறந்திருக்கும் என்றாலும், ஞாயிறு காலை ஏழு வயிற்றை வைத்துக்கொண்டு அதைச் சோதிக்க வேண்டாம். குடிதண்ணீர் கேன்களை நிறைய ஏற்றுங்கள். சூட்கேஸ் கூடவே கூடாது. படகில் அதை வைக்க இடமே கிடையாது. மடித்துச் சுருட்டக்கூடிய துணிப்பை மட்டும்.

இப்போது காற்று. அந்தக் கடலில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். மாஸ்ட்ரால் என்பது வடமேற்கிலிருந்து வரும் கோடைக் கடற்காற்று. முற்பகலில் மெல்லத் தொடங்கி, பிற்பகலில் உச்சிக்குப் போய், பொழுது சாயும்போது அடங்கிவிடும். இவர்தான் நண்பர். யூகோ தென்கிழக்குக் காற்று. அட்ரியாட்டிக் ஒரு நீளமான ஒடுங்கிய கடல், யூகோ அதன் நீளவாக்கில் வீசுவதால் தடையில்லாமல் அலையைத் தள்ளிக்கொண்டே வரும். திடீரென்று வராது, ஒரு நாள், இரண்டு நாள் எடுத்துக்கொண்டு கனக்கும், வானம் மூடும், உடம்பெல்லாம் பிசுபிசுக்கும், மழை வரும். பூரா வடகிழக்கிலிருந்து மலையைத் தாண்டிக் கடலுக்குள் விழுகிற குளிர்ந்த காற்று. வானம் பளிச்சென்று இருக்கும்போதே திடீர் திடீரென்று அறையும். இவர்களைத் தவிர கோடையில் நெவேரா என்று ஒரு இடிமழை உண்டு, அரை மணியில் வந்து ஆட்டிவிட்டுப் போய்விடும். காலையில் வானிலை பார்க்கும்போது மழையா வெயிலா என்று பார்க்காதீர்கள். காற்று எந்தத் திசை, இரவில் திரும்புமா என்று பாருங்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படங்களில் எந்நேரமும் பாய் விரிந்திருக்கும். நிஜத்தில் காலையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும், மோட்டாரில்தான் போவோம். பாதிப் பயணம் டீசலில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் மாஸ்ட்ரால் எழுந்து, மோட்டாரை அணைத்த பிறகு வரும் அந்த நிசப்தத்துக்காக மீதி நேரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு ஷோல்டா தீவுக்கும் பிராச்சுக்கும் நடுவே உள்ள ஸ்ப்ளிட் வாசல் என்ற ஜலசந்திக்கு அருகில் நீந்திவிட்டு, பிராச்சின் மில்னாவில் கட்டினோம். பெரிய கார் ஃபெரிகள் அந்த ஜலசந்தி வழியே போகும்; பாய் விரித்தவனுக்கு வழி விடுவார்கள் என்ற சட்ட ஞானத்தை அங்கே சோதிக்காமல் ஒதுங்கிப் போங்கள்.

மில்னாவில்தான் படகு கட்டும் பாடம் ஆரம்பமானது. அட்ரியாட்டிக்கில் ஓத ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அரை மீட்டரைக்கூடத் தொடாது. அதனால் மிதக்கும் மேடை தேவையில்லை, கல் கரையிலேயே பின்பக்கத்தைக் கொடுத்துக் கட்டுகிறார்கள். கேப்டன் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு வருவார். பின்னால் இரண்டு மூலையிலும் கயிற்றோடு இருவர். காற்று அடிக்கிற பக்கத்துக் கயிறுதான் முதலில் கரைக்குப் போக வேண்டும். மாற்றி வீசினால் படகின் மூக்கு சுழன்று பக்கத்துப் படகில் போய் உட்காரும். கரையில் நிற்கும் ஆள் தண்ணீருக்குள் கிடக்கும் ஒரு மெல்லிய கயிற்றைத் தூக்கிக் காட்டுவார். அதைக் கொக்கியால் எடுத்து, கையில் வழுக்க வழுக்கப் பிடித்தபடி படகின் ஓரமாகவே முன்முனையான அணியம் வரை நடந்து, கடைசியில் வரும் தடித்த கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்ட வேண்டும். அந்தக் கயிறு கடலடியில் மாதக்கணக்கில் கிடப்பது. சேறு, பாசி, நடுவில் பிளேடுபோல் சிப்பி. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. இழுக்கும்போது அந்தக் கயிறு புரொப்பெல்லரில் சிக்காதபடி மோட்டாரை நியூட்ரலில் வைப்பது கேப்டன் வேலை. “கயிறு கையில்” என்று கத்திச் சொல்வது நம் வேலை. சுற்றியுள்ள படகுகளில் எல்லோரும் ஒயின் கோப்பையோடு நம்மைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். நாலாவது நாள் நாமும் அப்படி உட்கார்ந்து அடுத்தவனைப் பார்ப்போம்.

மரீனாவை விஎச்எஃப் 17ஆம் சேனலில் கூப்பிட்டால் பதில் வரும். அவசரத்துக்கு 16. அதை நண்பனின் மகள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். பெரியவர்கள் அனைவருக்கும் ரேடியோவில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்றாவது தெரிந்திருக்க வேண்டும், ஸ்கிப்பரே தண்ணீரில் விழுந்தால் யார் பேசுவது?

திங்கள் நல்ல மாஸ்ட்ரால். ஹ்வார் தீவின் வடபக்கம் ஆழமாக உள்வாங்கிய நீண்ட குடாவின் கடைக்கோடியில் இருக்கும் ஸ்டாரி கிராட்டுக்குப் பாயிலேயே போய்ச் சேர்ந்தோம். மறுநாள் விஸ், அங்கிருந்து அதே தீவின் மேற்குக் கரை ஊரான கோமிஷா, புதன் காலை நீலக்குகை. இதுதான் ஃப்ரிட்ஜ் திட்டம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கேப்டன் போனை மேசையில் வைத்தார். செவ்வாய் மதியம் முதல் யூகோ, புதன் விடியற்காலை வரை வலுக்கும். கோமிஷா மேற்கே திறந்த துறை, யூகோவின் அலை தீவைச் சுற்றி வளைந்து உள்ளே வந்து படகை இரவெல்லாம் தாலாட்டும் என்றார். நீலக்குகையின் வாயோ 1.5 மீட்டர் வாக்கில்தான் உயரம். சற்று அலை இருந்தாலே சின்னப் படகை உள்ளே விடமாட்டார்கள். “நாளை இங்கேயே” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

நண்பனுக்குக் கோபம். “மச்சான், நீலக்குகைக்காகத்தானே வந்தோம். இவருக்கு ஒரு நாள் ரெஸ்ட் வேணும், அவ்வளவுதான்.” அவன் சந்தேகத்தை நான் குறைசொல்ல மாட்டேன். வெளியே நட்சத்திரம் தெரிந்தது, ஒரு இலை அசையவில்லை. ஆனாலும் ஒரு விதியை நாங்கள் கிளம்பும்போதே ஒத்துக்கொண்டிருந்தோம்: எங்கே சாப்பிடுவது, எங்கே குளிப்பது எங்கள் முடிவு, கிளம்புவதா இல்லையா என்பது கேப்டன் முடிவு. குழுவாகப் போகிறவர்கள் இதைக் கரையிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் காலை சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஊருக்குப் பின்னால் உள்ள சமவெளிக்குப் போனோம். பயணத்தின் உச்சம் எனக்கு அதுதான். கி.மு. 384இல் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் இங்கே ஃபாரோஸ் என்ற குடியேற்றத்தை அமைத்தார்கள். வந்ததும் நிலத்தை 905 மீட்டர் நீளம், 181 மீட்டர் அகலம் என்று ஒரே அளவுத் துண்டுகளாக அளந்து, நடுவே சாந்து இல்லாமல் கல்லடுக்கி வரப்பு போட்டார்கள். 24 நூற்றாண்டு ஆகியும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே இன்றைக்கும் திராட்சையும் ஆலிவும் விளைகின்றன. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நாங்கள் போனபோது அறுவடை. வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு கிழவர் பெட்டியில் கறுந்திராட்சையை நிரப்பிக்கொண்டிருந்தார், நண்பனின் மகளைப் பார்த்ததும் ஒரு குலையைச் சுவர் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். மாமியார் சைக்கிள் ஓட்டவில்லை. ஊருக்குள் பேதர் ஹெக்டோரோவிச் என்ற 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் கட்டிய கோட்டை வீட்டில், கடல் நீர் வந்துபோகும் மீன்குளத்தைப் பார்த்தபடி மதியம் வரை உட்கார்ந்திருந்தார். அந்தக் கவிஞர் இரண்டு மீனவர்களோடு பிராச், ஷோல்டா பக்கம் மூன்று நாள் படகில் போய்வந்ததைக் கவிதையாக எழுதினார். 1568இல் வெனிஸில் அச்சானது. மீனவர்கள் பேசியது, பாடியது, பிடித்த மீன், தின்ற சாப்பாடு எல்லாம் அதில் உண்டு. இந்தக் கடலின் முதல் பயணப் பகிர்வு என்று அதைத்தான் சொல்வேன்.

மூன்று மணிக்கு வானம் ஈயமாக மாறியது. ஏழு மணிக்குப் படகுகளின் பாய் ஏற்றும் கயிறுகள் எல்லாம் பாய்மரத்தில் அடித்து டங்டங் என்று ஊரே ஒலித்தது. கேப்டன் இரண்டு கயிறு கூடுதலாகக் கட்டி, பக்கத்துப் படகோடு உரசாமல், ஓரத்தில் தொங்கும் ஃபெண்டர் மெத்தைகளை இடம் மாற்றினார். இரவு மின்னலும் மழையும். குடாவுக்கு வெளியே என்ன நடந்திருக்கும் என்பது, விடிந்ததும் உள்ளே வந்த ஒரு ஜெர்மன் படகுக்காரர்களின் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. நண்பன் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தான். நீலக்குகை என்ற பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை.

டீ என்றதும் சமையல். படகு அடுப்பு இரண்டு பர்னர் கேஸ், படகு சாயும்போது அடுப்பு மட்டும் நேராக நிற்கும்படி ஊஞ்சலில் தொங்கும். ஓடும்போது சமைக்கவே வேண்டாம். காலையிலேயே சோறு வடித்து, புளிக்காய்ச்சலும் தயிரும் வைத்துக்கொண்டால் மதியம் தீர்ந்தது. மூன்று லிட்டர் குக்கர் எங்களோடு வந்தது. தாளிக்கும்போது மேல்மூடிகளைத் திறந்துவையுங்கள், இல்லையென்றால் அந்த வாசனையோடுதான் வாரம் முழுக்கத் தூக்கம். மாமியார் சைவம், கரையோர உணவகங்களான கொனோபாக்களில் கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து ஆலிவ் எண்ணெயில் மசித்த பிளித்வா எங்கும் கிடைத்தது. அசைவக்காரர்களுக்கு ஆக்டோபஸ் பெக்கா: இரும்பு மூடிக்கு மேல் தணல் குவித்து மணிக்கணக்கில் வேகவைப்பது. போய் உட்கார்ந்து கேட்டால் கிடைக்காது, மதியமே போன் செய்துவிட வேண்டும். சில குடாக்களில் கொனோபாவே மிதவை போட்டிருக்கும். அங்கே சாப்பிட்டால் கட்டுவதற்குக் காசு கிடையாது.

கழிவறையில் ஒரே சட்டம்: நீங்கள் தின்று செரித்ததைத் தவிர எதையும் உள்ளே போடக் கூடாது, காகிதம் உட்பட. தண்ணீர்த் தொட்டி ஐநூறு லிட்டர் இருந்தாலும் ஏழு பேர் குளித்தால் இரண்டு நாளில் காலி. கடலில் குளித்துவிட்டுப் பின்படியில் உள்ள ஷவரில் அரை நிமிடம், அவ்வளவுதான். குமட்டல் வந்தால் உள்ளே போய்ப் படுக்கவே கூடாது. மேலே வந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். சுக்கானைக் கையில் கொடுத்தால் இன்னும் விரைவில் தெளியும். என் மனைவி அப்படித்தான் படகோட்டியானாள். மாத்திரை போடுவதென்றால் கிளம்புவதற்கு முன்பே. கரையோரப் பாறைகளில் கடல் முள்ளெலி அப்பிக் கிடக்கும், ரப்பர் காலணி இல்லாமல் இறங்காதீர்கள்.

புதன் மதியம் கடல் தணிந்ததும் பக்லேனித் தீவுகளில் உள்ள பல்மிஷானா மரீனா. விலை கண்ணைக் கட்டும். எங்கள் அளவுப் படகுக்கு ஒரு இரவு நூறு யூரோவை எளிதாகத் தாண்டியது. ஆனால் எதிரே உள்ள ஹ்வார் நகரத் துறையில் போகிற வருகிற படகுகளின் அலையில் இரவெல்லாம் ஆடுவதைவிட, இங்கே கட்டிவிட்டுத் தண்ணீர் டாக்ஸியில் ஊருக்குப் போவது நிம்மதி. ஹ்வாரில் 1612இல் திறக்கப்பட்ட நாடக அரங்கு இருக்கிறது. மற்றபடி கூட்டமும் இசையும் எனக்கு ஒட்டவில்லை. நீச்சலுடையோடு வீதியில் நடந்தால் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

வியாழன் விஸ். யூகோ போனாலும் அதன் அலை ஓயவில்லை, நீலக்குகை மூடியே இருந்தது. அந்தக் குகைக்குப் படகு நுழையும் வாசலை 1884இல் வெடிவைத்துப் பெரிதாக்கச் சொன்னவர் ஆஸ்திரியப் பிரபு ஆய்கன் ஃபான் ரான்சொனே. அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் இலங்கைக் கடலில் முழுக்குக் கூண்டுக்குள் உட்கார்ந்து கடலடிக் காட்சிகளை வரைந்தவரும் அவரே. நாங்கள் விஸ் ஊரிலேயே கட்டிவிட்டு, ஜீப்பில் மலையேறிக் கோமிஷா போனோம். யூகோஸ்லாவிய ராணுவத் தளமாக இருந்ததால் 1989 வரை வெளிநாட்டவருக்கு இந்தத் தீவே மூடிக் கிடந்தது. போர்க்கப்பல்களை ஒளித்துவைக்க மலையைக் குடைந்த சுரங்கம் இப்போதும் வாய் பிளந்து நிற்கிறது. பெரிய ஹோட்டல்கள் வராமல் போனதற்கு அந்தப் பூட்டுதான் காரணம். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்கள் இறங்கிய ஓடுதளம் திராட்சைத் தோட்டமாகிவிட்டது. இன்னொன்று, இங்கே கிரிக்கெட் கிளப் இருக்கிறது! 1811இல் இந்தத் தீவுக்கு எதிரே பிரெஞ்சுக் கப்பல்களைத் தோற்கடித்த பிரிட்டிஷ் கேப்டன் வில்லியம் ஹோஸ்ட்டின் ஆட்கள் விளையாடிய நினைவில் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நெத்திலியும் வெங்காயமும் வைத்துச் சுட்ட பொகாச்சா ரொட்டியைக் கோமிஷாவில் தக்காளி சேர்த்தும், விஸ்ஸில் சேர்க்காமலும் செய்கிறார்கள். தக்காளிதான் என் ஓட்டு.

விஸ் ஊர்த் துறை வடகிழக்கே திறந்தது. பூரா முன்னறிவிப்பு இருந்தால் அங்கே இரவு தங்கக் கூடாது. கோமிஷாவுக்கு ஆகாதது வேறு, விஸ்ஸுக்கு ஆகாதது வேறு, ஒரே தீவு. அன்று இரண்டுமே இல்லை.

வெள்ளியன்று ஸ்ப்ளிட்டுக்கு 30 கடல் மைல். மணிக்கு ஐந்தரை கடல் மைல் என்றால் ஐந்தரை மணி நேரம். ஆறு மணிக்கே கிளம்பிவிட்டோம், காரணம் டீசல் வரிசை. நிரப்பிய தொட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம், எல்லாப் படகும் ஒரே மதியத்தில் ஸ்ப்ளிட் பங்க்குக்கு வரும். கேப்டன் வழியில் ஷோல்டாவின் ரோகாச்சில் நிறுத்தி நிரப்பிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டார். கடைசி ஒன்பது மைலுக்கு ஆகும் டீசலை யாரும் அளப்பதில்லை என்றார். ஸ்ப்ளிட்டில் நாங்கள் கடந்து போகும்போது பங்க்கில் இருபது படகுக்குக் குறையாமல் வட்டமடித்துக்கொண்டிருந்தன. மரீனாவில் ஒரு முக்குளிப்பவர் படகின் அடியைப் பார்த்துவிட்டு மேலே வந்து கட்டைவிரலை உயர்த்தினார். அலுவலகத்தில் அந்த வலப்பக்கத் தழும்பைக் காட்டிக் கேட்டார்கள், கையெழுத்திட்ட தாளை எடுத்து நீட்டினோம். முன்பணம் முழுதாகத் திரும்ப வந்தது.